முட்டிக்கொரு விபத்து

அந்த எலும்பு டாக்டரின் அறை மாடியில் இருந்தது. முழங்கால் வலிக்காரர்களைப் பார்க்கிறவர் எதற்காக மாடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று சலித்துக்கொண்டே, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினேன். மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தால், என் மனைவி சரோஜாவும் மகள் மலர்விழியும் எனக்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"லிஃப்ட் இருக்குதுங்க. போர்டு வேற போட்டிருக்கறாங்க. படிச்சவரு நீங்கதான் பாக்கல" என்றாள் சரோஜா.

நாமக்கல்லில் இருந்து சேலத்துக்கு நாங்கள் போனது மலருக்காக. ஐம்பதை நெருங்குகிறாள். பள்ளிக்கூட ஆசிரியை. நாள் முழுக்க நின்றே பாடம் நடத்தியவள், இப்போது வகுப்பில் நுழைந்ததும் நாற்காலியைத் தேடுகிறாள். காலையில் எழுந்தால் முதல் நாலு அடி சுவரைப் பிடித்துத்தான். மருமகன் ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். ஆகவே டாக்டரிடம் கூட்டிப் போகிற வேலை எங்களுக்கு வந்தது.

டாக்டருக்குச் சின்ன வயதுதான். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனாவால் சுட்டிக்காட்டினார்.

"ரெண்டு முட்டியிலயும் நடுவுல இருக்கற ஜவ்வு தேஞ்சிருக்குதுங்க மேடம். கொஞ்சம் சீக்கிரமாவே வந்திருக்குது. குடும்பத்துல அப்பா வழியிலயோ அம்மா வழியிலயோ யாருக்காச்சும் இந்த மாதிரி உண்டுங்களா?"

மலர் யோசிக்கவே இல்லை. "அம்மா வழிங்க டாக்டர். எங்க அம்மாயி கடைசி வரைக்கும் நொண்டி நொண்டித்தான் நடந்தாங்க."

டாக்டர் கணினியில் தட்டினார். தட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"சார் வழியில யாருக்கும் இல்லீங்களே?"

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் இது. மேசை மேல் பிளாஸ்டிக்கில் ஒரு முழங்கால் பொம்மை இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு தலையை ஒரு மாதிரி அசைத்தேன். இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், தெரியாது என்றும் வைத்துக்கொள்ளலாம். கணு முற்றிப்போன என் விரல்களை மட்டும் மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டேன்.

சரோஜா அப்போது ஒன்று கேட்டாள். "எந்த வழின்னு தெரிஞ்சா வைத்தியம் மாறுங்களா டாக்டர்?"

"மாறாதுங்கம்மா. ரெண்டுக்கும் ஒரே வைத்தியம்தான்."

"அப்ப விடுங்க" என்றாள்.

எல்லோரும் எதிலிருந்தோ விழுந்தார்கள்

என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். வாரா வாரம் எழுதுகிற இந்தத் தொடரில் எங்கள் வீட்டு ஆட்களைப் பற்றி நிறையப் பெருமை பேசியிருக்கிறேன். அவர்களுடைய கால்களைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதியதில்லை.

என் தாத்தாவுக்கு முழங்கால் இரண்டும் வில் போல வளைந்திருந்தன. கேட்டால், மயிலைக்காளை உதைத்துவிட்டது என்பார்கள். அந்தக் காளையை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வாலைப் பிடித்து நாங்கள் தொங்கினாலும் திரும்பிப் பார்க்காது.

என் அப்பாவுக்கு அறுபதுக்கு முன்பே இரண்டு முட்டியும் போய்விட்டன. அவர் நிலக்கடலை மூட்டை ஏற்றிய வண்டியில் இருந்து விழுந்தவர். வண்டி எங்கே போய்க்கொண்டிருந்தது என்று கேட்டால், ஒரு தடவை ராசிபுரம் சந்தை என்பார், இன்னொரு தடவை திருச்செங்கோட்டுத் தேர் என்பார்.

அப்பாவின் தங்கையைத் தம்மம்பட்டிப் பக்கம் கொடுத்திருந்தார்கள். அந்த அத்தை கிணற்றுப்படியில் வழுக்கி விழுந்தார். விடுமுறைக்கு அங்கே போனபோது கிணற்றை எட்டிப் பார்த்தேன். அதற்குப் படியே கிடையாது.

என் அக்கா பழனியம்மாளுக்குப் பஸ்ஸில் சடன் பிரேக்.

இதற்கெல்லாம் யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்கு வயதாகி, உட்கார்ந்து எழும்போது "அப்பனே முருகா" என்று சத்தம் வர ஆரம்பித்தால், கொஞ்ச நாளிலேயே அவருக்கு ஒரு விபத்து நடந்துவிடும். இடம், கிழமை, அன்று மழை பெய்ததா என்பது வரைக்கும் விவரம் தயாராக இருக்கும்.

காரணம் கல்யாணம்தான். அடிபட்ட கால் என்றால் ஊர் பரிதாபப்படும். வம்சத்துக் கால் என்றால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் யோசிக்கும். எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள், பெண்ணைவிடப் பெண்ணைப் பெற்றவர்கள் எழுந்து நடப்பதைத்தான் கவனமாகப் பார்ப்பார்கள். அதனால் என் அப்பா அப்படிப்பட்ட நாட்களில் விருந்தாளிகள் வருவதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அவர்கள் போகும் வரை எழவே மாட்டார். "பெரிய மனுசன், வாசல் வரைக்கும் கூட வரலயே" என்று கெட்ட பெயர் வந்தது. அது பரவாயில்லை என்று வைத்துக்கொண்டோம்.

எனக்கும் விபத்து உண்டு. என் முட்டிக்கு ஒரு ஜெர்சிப் பசு. விரல் கணுக்களுக்கு, கயிற்றை வெடுக்கென்று இழுத்த ஓர் எருமை. பசு உதைத்தது உண்மை. தொடையில் உதைத்தது. எருமையை நானே ஏற்பாடு செய்துகொண்டேன்.

மாட்டுக்கு ஒரு நியாயம்

புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும், நான் கால்நடை மருத்துவன். மெட்ராசில் படித்துவிட்டு வந்து, சேலம், நாமக்கல் சுற்று வட்டாரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

என் தொழிலில் கால்தான் முதல். ஒரு காளையைப் பொலிகாளையாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், நான் திமிலையும் கொம்பையும் பார்ப்பதற்கு முன்னால், அதை ஈன்ற பசு எங்கே என்று கேட்பேன். தாய்ப்பசு எழுந்திருப்பதைப் பார்க்க வேண்டும். முடிந்தால் அப்பன் காளையையும் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். மூட்டு பலவீனமான கால்நடையைப் பெருக்கினால் பட்டியே பலவீனமாகும். இதைக் கூட்டம் கூட்டி விவசாயிகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒருமுறை பரமத்திப் பக்கம் ஒருவர் அருமையான ஒரு கன்றுக்காளையை ஓட்டி வந்தார். தாய்க்குப் பின்னங்கால் சரியில்லை என்று தெரிந்ததும் வேண்டாம் என்றேன்.

அவர் கோபத்தில் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏனுங்க டாக்டர், என்ற ஊட்டுப் பொண்ணுக்குக்கூட நான் இத்தன சாதகம் பாக்கலீங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு விளக்கமாக ஒரு பாடம் எடுத்தேன். ஒரு காலில் மட்டும் நொண்டினால் பெரும்பாலும் அடி. இரண்டு காலும் சேர்ந்து, மெல்ல மெல்லப் போனால் தாய் தகப்பனைப் பார். அவர் காளையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தேன். என் அப்பா வாசலில் நாற்காலியின் இரண்டு கைகளையும் ஊன்றி, மூன்றாவது முயற்சியில் எழுந்தார். வண்டியில் இருந்து விழுந்தவர் என்று நானும் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது அவ்வளவு சுலபமாக இருந்தது.

வாய்க்கால் பாலம்

சரோஜாவைப் பெண் பார்க்க மோகனூருக்குப் போனோம். ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் கரும்புக்காட்டு நடுவே வீடு. வெல்லம் காய்ச்சுகிற வாசனை எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. சரோஜாவின் அம்மா ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து தண்ணீர் கொடுத்தார். நாங்கள் பார்த்ததை அவருடைய மகன் பார்த்துவிட்டார்.

"கரும்பு பாரம் ஏத்துன வண்டிங்க. அம்மா பாரத்து மேல ஒக்காந்து வந்தாங்க. வாய்க்கால் பாலத்துல அச்சு முறிஞ்சு வண்டி கவுந்துருச்சுங்க. அன்னைல இருந்து இந்தக் காலு மடங்கறதில்ல" என்றார்.

என் அப்பா மிகவும் வருத்தப்பட்டார். திரும்பும்போது பஸ்ஸில் சன்னலோர இருக்கையில் உட்கார்ந்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"வாய்க்கால் பாலம்! அச்சு முறிஞ்சுதாமாடா! எப்படிச் சொல்றாங்க பாரு. நம்மளுக்கு இந்த அச்சு தோணவே இல்லியே!"

அதாவது, எங்கள் வீட்டில் விபத்து என்றால் பொய். ஆகவே அவர்கள் சொல்கிற விபத்தும் பொய். எங்களைப் போலவே அவர்களும் வம்சத்து முட்டியை மறைக்கிறார்கள். சரிக்குச் சரி, சம்பந்தம் பண்ணிக்கொள்ளலாம். இதுதான் அன்று பஸ்ஸில் எடுத்த முடிவு. மெட்ராசில் படித்த நானும் அந்த இருக்கையில்தான் இருந்தேன்.

ஆனால் அவர்களுடைய பொய் என்று நாங்கள் நம்பியது, போகப் போக எங்களுக்கு ரொம்ப உதவியது. மலர் சின்ன வயதில் ஓடி விழுந்தால் "அம்மாயி காலு வந்துருச்சு" என்பார் அக்கா. சரோஜாவுக்கு மாவாட்டி இடுப்பு பிடித்துக்கொண்டால் "மோகனூர் உடம்பு" என்பேன் நான். எல்லாம் விளையாட்டுப் பேச்சு. எங்கள் பக்கத்துக் கால்கள் பொய்யான வண்டிகளில் இருந்து விழுந்துகொண்டிருந்தபோது, பழியெல்லாம் உண்மையாகவே வண்டியில் இருந்து விழுந்த ஒருத்தரின் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

நாமக்கல்லில் நாங்கள் வீடு கட்டிப் புகுந்த அன்று, பெண்களுக்குப் பந்தியில் பாய் விரித்திருந்தது. என் மாமியார் கீழே உட்காரப் போனார். பழனியம்மாள் அக்கா தடுத்தார்.

"நீங்க சேர்ல ஒக்காருங்க சம்பந்தி. அப்பறம் எந்திரிக்கறதுக்கு ஆளு தேடோணும். உங்கூட்டு முட்டியப் பத்தித் தெரியாதுங்களா!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அதோடு விடவில்லை. "எங்க மாமியார் முட்டிக்குன்னே மோகனூர்ல கவருமெண்டு ஒரு வாய்க்கால் பாலம் கட்டி வெச்சிருக்குது" என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு. அவரும் சிரித்தார். நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார், இலையை மூடினார், கை கழுவினார், பஸ் ஏறினார்.

அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. உறவில் நடக்கும் கல்யாணங்களில் பார்த்தால் "நல்லா இருக்கறீங்களா மாப்ள" என்று வாய் நிறையக் கேட்பார். வீட்டுக்குக் கூப்பிட்டால் "வாரேனுங்க, வாரேன்" என்பார். வரமாட்டார்.

சில வருடம் கழித்து மோகனூரில் ஒரு காலைப்பொழுதில் அவரைப் பார்த்தேன். மடங்காத காலை முன்னால் நீட்டிவைத்துத் தரையில் உட்கார்ந்து, ஆட்டுக்குட்டிக்குத் தழை ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், கையை எங்கும் ஊன்றாமல், மற்றொரு காலை மட்டும் மடித்து ஒரே வீச்சில் எழுந்தார். அந்த வயதில் என் வீட்டில் யாராலும் அப்படி முடியாது. அவர் விரல்களைப் பார்த்தேன். நேராக இருந்தன.

ஒரு கால் நொண்டினால் அடி. எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன்! அங்கேயே, அந்த ஆட்டுப்பட்டி ஓரத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் இன்னும் பல வருடம் இருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என் அப்பாவை அவருடைய கடலை வண்டியில் இருந்து இறக்க வேண்டும். அக்காவைப் பஸ்ஸில் இருந்து இறக்க வேண்டும். அதைவிட ஒரு பாலத்தில் ஏறி நின்றுகொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஓட்டாத ஸ்கூட்டர்

சேலத்தில் இருந்து திரும்பி வந்தபோது, பழனியம்மாள் அக்கா வீட்டில் காத்திருந்தார். மலரின் மகள் யாழினிக்கு ராசிபுரத்தில் இருந்து ஒரு வரன். நெய் வியாபாரக் குடும்பம். பையன் கோயம்புத்தூரில் வேலை, யாழினியும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டார் வருகிறார்கள்.

அக்கா மலரை நடக்கவிட்டுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஸ்கூட்டர்ல வழுக்கிருச்சுன்னு சொல்லிப்போடலாம்."

"அத்த, எனக்கு ஸ்கூட்டரே ஓட்டத் தெரியாதே!" என்றாள் மலர்.

"பின்னால ஒக்காந்திருந்தேன்னு சொல்லு."

"யாரு ஓட்டுனாங்க?"

"உங்கொப்பன் ஓட்டுனான்."

என்னிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது உண்மை. அதை விற்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

"எங்க வெச்சு அக்கா உழுந்தோம்?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அக்கா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

"பஸ் ஸ்டாண்டு பக்கம். மழை நாளு. ரோட்டுல முட்டை வண்டி கவுந்து கெடந்துச்சு, வழுவழுன்னு இருந்துச்சு. நாமக்கல்லுல முட்டைன்னா யாரும் மறு கேள்வி கேக்க மாட்டாங்க."

மலர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அக்காவின் திறமையை மெச்சாமல் இருக்க முடியாது. எண்பதைத் தொடப்போகிறார், ஒரு நிமிடத்தில் மழை பெய்ய வைத்து, முட்டை வண்டியையும் கவிழ்த்துவிட்டார்.

சரோஜா சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் கீரைக்கட்டு.

"நங்கையா, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா" என்றாள். என் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவாள். "நான் இந்த ஊட்டுக்கு வந்த நாளா, உழுந்தவங்களைத்தான் பாக்கறேன். கெணத்துல, வண்டீல, பஸ்ஸுல, இப்ப ஸ்கூட்டர்ல. நெசமா உழுந்தவ எங்கம்மா ஒருத்திதான். அவளத்தான் ஒருத்தரும் நம்புல."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்றார் அக்கா.

"டாக்டர்கிட்டயும் எங்கம்மா பேருதான் ஏறியிருக்குதுங்க. வைத்தியம் மாறாதுன்னு சொன்னாரு. வைத்தியத்துக்கு மாறாட்டிப் போகுது, எனக்கு மாறுமுங்க." உள்ளே போனாள். கீரை ஆய்கிற சத்தம் மட்டும் வந்தது.

அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்துத் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

பேத்தியின் நிபந்தனை

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் உடையப்போவது யாழினியின் சம்பந்தம். என் மனசாட்சிக்கு அவள் ஏன் மொய் எழுத வேண்டும்? சனிக்கிழமை அவள் கோயம்புத்தூரில் இருந்து வந்ததும், தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாலம் முதல் முட்டை வண்டி வரை.

போனில் இருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "அப்புச்சி, நீங்க ரொம்ப மோசம்."

"ஆமா சாமி."

"எனக்கும் இது வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம். வம்சம் மட்டும் இல்ல, உடம்பு எடை, வேலை, எவ்வளவோ இருக்குது. என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

போனைக் கவிழ்த்து வைத்தாள். "வந்துச்சுன்னா, அந்த ஊட்டுல போய் நான் எதுல இருந்து உழறது?" என்றாள். பிறகு, "சொல்லுங்க. ஆனா லெக்சர் எடுக்கக் கூடாது. மாடு, கோழி எதுவும் வரக் கூடாது" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தப் பையனோடு அவள் ஏற்கெனவே போனில் பேசியிருந்தாள் என்பதும், பிடித்திருந்தது என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை

பையனோடு அவனுடைய அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். நல்ல மனிதர்கள். ஒரு தூக்கு நிறைய நெய் கொண்டுவந்திருந்தார்கள். பேச்சு மழை, வெயில், முட்டை விலை என்று இதமாகப் போனது. அந்த அம்மாளின் கண் மட்டும் மலர் போகிற பக்கமெல்லாம் போய் வந்தது.

"ஏனுங்க, கால்ல ஏதாச்சும் அடிங்களா?" என்று கேட்டார்.

அக்கா தயாராக இருந்தார். "அத ஏன் கேக்கறீங்க! ஒரு மழை நாளுங்க..."

"அக்கா, நிறுத்துங்க" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அந்தப் பையன் காபியைக் கீழே வைத்தான்.

"அடி எதுவும் இல்லீங்க. இது எங்க ஊட்டு முட்டி. எங்க தாத்தாவுக்கு இருந்துச்சு, எங்கப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கு இருக்குது, இந்தா, இந்த அக்காவுக்கும் இருக்குது. எல்லாருக்கும் உழுந்ததா கதை சொல்லியிருக்கறோம். யாரும் உழுவல."

அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

நான் விரல்களை விரித்து எல்லோருக்கும் தெரியும்படி நீட்டினேன். "இதும் எருமை இழுத்தது இல்லீங்க."

"எருமைங்களா?" என்றார் பையனின் அப்பா. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்!

"எங்க மாமியாருக்கு வாய்க்கால் பாலத்துல வண்டி கவுந்து அடிபட்டது நெசம். நாங்கதான் அத நம்பாம, எங்க கோளாற அவங்க தலையில கட்டிட்டோம். எம் பொண்ணுக்கு வந்தது எங்கிட்ட இருந்து வந்தது. எம் பொஞ்சாதி பக்கம் எதுவும் இல்லீங்க."

சரோஜா பலகாரத் தட்டோடு நடுவீட்டில் நின்றிருந்தாள். தட்டை மேசை மேல் வைத்தாள். அதிரசம் ஒன்று கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்க என்னாலும் குனிய முடியவில்லை, அக்காவாலும் முடியவில்லை. சரோஜாதான் குனிந்து எடுத்தாள்.

பையனின் அம்மா கேட்டார். "அப்ப, பொண்ணுக்கும் வருங்களா டாக்டர்?"

"வரலாமுங்க. தெரியாது."

"நெசத்தச் சொன்னீங்க. சந்தோசமுங்க" என்றார். பலகாரம் சாப்பிட்டார்கள். போய்ப் போன் பண்ணுவதாகச் சொன்னார்கள்.

சொன்னபடி அன்று மாலையே பண்ணினார்கள். பொருத்தத்தில் ஏதோ இடிக்கிறது என்றார்கள். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? மாட்டுக்கே நான் அதைத்தானே செய்தேன்.

அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். யாழினி, "பரவால்லீங்க அப்புச்சி" என்றாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் வழக்கமாகப் போகிற பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட்டாள். மலர்தான் எனக்கு மெதுவாகச் சொன்னாள், பிள்ளைக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்று. நான் இத்தனை காலம் பேசாமல் இருந்ததற்கு மாமியார் வலியைச் சுமந்தார். பேசியதற்குப் பேத்தி சுமக்கிறாள். இரண்டிலும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மலரிடம் அடுத்த தடவை போகும்போது டாக்டரிடம் சரியாகச் சொல்லும்படி சொல்லியிருக்கிறேன். "நீங்களே வந்து சொல்லுங்க, லிஃப்ட்ல வாங்க" என்றாள்.

பேர் போட்டு எழுதுங்க

சரோஜா நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சில நாள் கழித்து, தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"ராசிபுரத்துக்காரங்க முன்னால சொன்னீங்க. அவங்களுக்கும் எங்கம்மாவுக்கும் என்ன சம்பந்தம்? அன்னிக்குப் பந்தியில எத்தன பேரு சிரிச்சாங்க!"

"அவங்கள எல்லாம் இப்ப எங்க போய்த் தேடறது சரோஜா?"

"வாரா வாரம் எதையோ எழுதறீங்க. நம்ம சனம் பூராப் படிக்குது. இத எழுதுங்க. மாமியாருன்னு பொதுவா எழுதி நழுவாதீங்க. பேரு போட்டு எழுதுங்க."

ஆகவே எழுதுகிறேன். எங்கள் புதுவீட்டுப் பந்தியில் அன்று உட்கார்ந்திருந்தவர்கள், சிரித்தவர்கள், சிரிப்பைக் கேட்டவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள். மோகனூர் ராமாயி அம்மாளுக்கு, கரும்பு வண்டி அச்சு முறிந்து வாய்க்கால் பாலத்தில் கவிழ்ந்ததில் இடது முழங்கால் உடைந்தது. அவருடைய வம்சத்தில் யாருக்கும் முட்டிக் கோளாறு இல்லை. அவர் மகளுக்கும் இல்லை. அவர் பேத்தி மலருக்கு வந்தது என் அப்பா வழியாக, என் வழியாக வந்தது. இது எனக்கு வெகுகாலமாகத் தெரியும். அவர் உயிரோடு இருந்தபோதே தெரியும்.

எழுதி முடித்து நேற்று சரோஜாவிடம் கொடுத்தேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, சன்னலோரம் நின்று முழுவதும் படித்தாள். எருமை வந்த இடத்தில் லேசாகச் சிரித்தாள். கடைசிப் பாராவுக்கு வந்ததும் விரலை வைத்து நிறுத்தினாள்.

"வலது முழங்காலுன்னு எழுதியிருக்கறீங்க."

"ஆமா."

"எங்கம்மாவுக்கு அடிபட்டது எடது காலுங்க."

வாங்கி, இடது என்று திருத்தினேன்.